குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) அழற்சி முற்றிய பிறகு: உடனே வெட்டுவதா, காத்திருப்பதா?

தம்பியை மருத்துவமனையில் சேர்த்தபோது வலது அடிவயிற்றில் கையில் தட்டுப்படும் அளவுக்குக் கட்டி. அன்றே அறுவை சிகிச்சை நடக்கும் என்றிருந்தோம், நடக்கவில்லை. அப்பா கொதித்துப்போனார். குடல்வாலைச் சுற்றிக் குடலும் கொழுப்புத் திரையும் ஒட்டிக்கொண்டு நோயை அடைத்துவைத்திருக்கின்றன, இப்போது பிரிக்கப் போனால் குடல் கிழியலாம், பெருங்குடலில் ஒரு பகுதியையே எடுக்க நேரலாம் என்றார் மருத்துவர். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

வாய்வழி ஆகாரம் கிடையாது. ஆன்டிபயாடிக்கும் குளுக்கோஸும் நரம்பு வழியாக ஏறின. தினமும் காலையில் கட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்துத் தோலில் பேனாவால் கோடு போடுவார்கள். முந்தைய கோட்டுக்கு உள்ளே விழுந்தால் கட்டி வற்றுகிறது என்று பொருள். ஒரு நாள் கோடு வெளியே போனது. காய்ச்சலும் நாடித்துடிப்பும் கூடவே ஏறின. ஸ்கேனில் சீழ். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே தோல் வழியாக மெல்லிய குழாயைச் செருகி வடித்தார்கள். நாற்றம் அறையை விட்டுப் போகவே இல்லை, ஆனால் காய்ச்சல் அன்றிரவே இறங்கிவிட்டது.

6 முதல் 8 வாரம் கழித்துக் குடல்வாலை எடுப்பது பழைய வழக்கம். மறுபடி வலி வந்தால் மட்டும் எடுக்கலாம் என்போரும் உண்டு. 40 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டிக்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதால் பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் செய்யச் சொல்கிறார்கள்.

*

என் கதை இதற்கு நேர் எதிர். இரவெல்லாம் பிடுங்கிய வலி விடியற்காலையில் சட்டென்று குறைந்தது. அப்பாடா என்றிருந்தது. உண்மையில் குடல்வால் வெடித்திருக்கிறது! சற்று நேரத்தில் வயிறு முழுவதும் பலகையாக இறுகிவிட்டது. இந்த நிலையில் காத்திருக்கும் பேச்சே கிடையாது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியில் தொடங்கி, முடியாமல் வயிற்றைத் திறந்து, சீழை உறிஞ்சி எடுத்தார்கள்.

தோலை மட்டும் தைக்காமல் விட்டிருந்ததைப் பார்த்து வீட்டில் பயந்துவிட்டார்கள். அசுத்தமான காயத்தை உடனே மூடினால் உள்ளே சீழ் பிடிக்குமாம். தினமும் கட்டு மாற்றி, காயம் சுத்தமான பிறகே தையல் போட்டார்கள். அறுவை சிகிச்சையைவிட அந்தக் கட்டு மாற்றம்தான் எனக்கு வேதனை.

வீடு திரும்பியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மீண்டும் காய்ச்சல், கூடவே சளி சளியாக அடிக்கடி மலம் என்றால் வயிற்றுப்போக்கு மருந்தை நீங்களாக விழுங்காதீர்கள். இடுப்புக்குழியில் சீழ் தேங்கினாலும் அப்படித்தான் வரும். அறுவை சிகிச்சை செய்தவரிடமே போய்க் காட்டுங்கள்.