கீழ்க் கடைவாய்ப்பல்: வேர் சிகிச்சையா, பிடுங்கிவிடுவதா?

கேட்டவர்: ஏலக்காய்க் கணக்கர், குமுளி

வணக்கம். குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு கம்பத்தில். மூன்று வாரங்களுக்கு முன் கீழ் வலது கடைவாய்ப்பல்லில், இரவு படுத்தவுடன் தொடங்கி விடியும்வரை விடாத வலி வந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் தெறித்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள் சாப்பிட்டேன். வலி அடங்கிவிட்டது, இப்போது ஐஸ் தண்ணீர் பட்டாலும் ஒன்றும் தெரிவதில்லை. மெல்லும்போது மட்டும் அந்தப் பல் மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்து நிற்பதுபோல் ஓர் அழுத்தம் இருக்கிறது.

குமுளியில் பார்த்த மருத்துவர் மலையாளத்தில் விளக்கினார். அவர் ‘அணப்பல்லு’ என்றதும் அண்ணத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து நான் மேல்வாயைத் திறந்து காட்ட, அவர் சிரித்துவிட்டார். கடைவாய்ப்பல்லுக்கு அங்கே அதுதான் பெயராம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சொத்தை உள்ளே நரம்புவரை போய்விட்டது, ரூட் கெனால் என்னும் வேர் சிகிச்சை செய்து, பல்லுக்கு மேல் கேப் என்னும் உறை போட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய் ஆகும் என்றார். கம்பத்தில் பார்த்த இன்னொருவரோ, பிடுங்கிவிட்டால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்கிறார். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று என் மாமியார் ஒரு பக்கம் பயமுறுத்துகிறார். எனக்கு வயது 41. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வலியே இல்லாத பல்லுக்கு இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

பதில் 1: பல் மருத்துவர், தேனி

ஐயா, வலி நின்றதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. பல்லின் நடுவில் இருக்கும் கூழில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள்ளன. உடம்பில் பெரும்பாலான இடங்களில் வீங்கினால் சதை விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் நான்கு பக்கமும் கெட்டிச் சுவர் என்பதால், வீங்கிய கூழ் தன் அழுத்தத்திலேயே நசுங்கித் துடிக்கிறது. உங்கள் இரவு வலி அதுதான். பிறகு கூழ் செத்துவிட்டால் குளிர்ச்சியை உணர ஆளில்லை, வலியும் நின்றுவிடும். செத்த கூழில் பெருகும் கிருமிகள் வேர்நுனி வழியாக வெளியேறி, பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் மெல்லிய சவ்வை வீங்கச் செய்கின்றன. பல் உயர்ந்து நிற்பதுபோல் தோன்றுவது உங்கள் பிரமையன்று. அது மயிரிழை அளவு உண்மையிலேயே மேலே தள்ளப்பட்டிருக்கக்கூடும்.

ஆன்டிபயாடிக் இரத்தத்தில் பயணம் செய்யும் மருந்து. இரத்த ஓட்டமே நின்றுபோன கூழுக்குள் அது எப்படிப் போகும்? பல்லுக்கு நேரடி சிகிச்சை கிடைக்கும் நிலையில், இத்தகைய பல்வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருந்தால் மட்டும் அதற்கு வேலை உண்டு. தாடை வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் கிருமித் தொற்று எளிதில் அடங்காது. தொற்று இருக்கும்வரை சர்க்கரையும் இறங்க மறுக்கும். ஆகவே மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்து, அந்தச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி, வேர் சிகிச்சையா பிடுங்குவதா என்பது. வலியையும் விலையையும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிஞ்சும் என்பதுதான் கேள்வி. கேப் பிடித்து நிற்க, பல்லைச் சுற்றிலும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான சுவர் இருப்பது நல்லது. அது இல்லையென்றாலோ, பல்லில் வேர்வரை விரிசல் விட்டிருந்தாலோ, எவ்வளவு அழகாக வேர் சிகிச்சை செய்தாலும் அந்தப் பல் அதிக நாள் தங்காது. கூழ் உயிரோடு இருந்தால் அதன் ஒரு பகுதியை மட்டும் எடுத்து மருந்து வைத்து மூடும் முறையும் உண்டு. உங்கள் அறிகுறிகளைப் பார்த்தால் அதற்கான கட்டம் தாண்டிவிட்டதாகவே தோன்றுகிறது.

பிடுங்கினால் அன்றைய செலவு குறைவுதான். ஆனால் அந்த இடத்தை வெறுமையாக விட்டால் பக்கத்துப் பல் மெல்லச் சாயும், மேல்பல் பள்ளத்தை நோக்கி இறங்கும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாக்கிப் பொய்ப்பல் கட்டும் பிரிட்ஜ் வைக்க, இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும். அவை சொத்தையில்லாத பற்களாக இருந்தால் எனக்கு மனம் வராது. இம்பிளான்ட் என்றால் பொய்ப்பல்லைத் தாங்கத் தாடையில் பொருத்தும் டைட்டானியத் திருகு எலும்போடு ஒட்ட சில மாதங்கள் பிடிக்கும், பொதுவாக வேர் சிகிச்சையைவிடச் செலவும் கூடுதல். வரிசையில் கடைசிப் பல்லாக இருந்து, அதை எதிர்கொள்ளும் மேல்பல்லும் இல்லையென்றால் பிடுங்கி விட்டுவிடுவது தவறாகாது. உங்கள் பல் எத்தனையாவது என்பதை நீங்கள் எழுதவில்லை. மாமியாரிடம் சொல்லுங்கள்: கண்ணுக்கும் பல்லுக்கும் தனித்தனி நரம்பு, பார்வை போகாது.

பதில் 2: தேயிலைத் தோட்டத்துக்காரர், வண்டிப்பெரியாறு

மருத்துவர் ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். முடிந்ததும் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். கேப் கட்டாயம் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வலி இல்லாததால் நானும் போகவில்லை. எட்டாவது மாதம், வறுத்த பலாக்கொட்டையைக் கடித்தபோது மரக்குச்சி ஒடிவதுபோல் ஒரு சத்தம். பல் நட்டநடுவில் வேர்வரை இரண்டாகப் பிளந்திருந்தது. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சொத்தையாலும் உள்ளே துளைத்ததாலும் குடைபட்ட கடைவாய்ப்பல், மெல்லும் பாரத்தைத் தனியாகத் தாங்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 11,000 என்று சொன்னவர் கேப்பையும் சேர்த்தே சொன்னது நேர்மை.

சிகிச்சையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஊசி போடும்போது தாடையில் ஒரு குத்தல், பிறகு உதடு பாதி மரத்துப்போகும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டினால் மருந்தும் சிறு கருவிகளும் தொண்டைக்குள் போகாது. போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிமுனை போன்ற கம்பிகளால் வேர்க்குழாயைச் சுத்தம் செய்வார்கள், இடையிடையே துணி வெளுக்கும் நீரின் வாடை வரும். கிருமியைக் கொல்ல ஊற்றுவதும் கிட்டத்தட்ட அதே மருந்துதான். கடைசியில் குழாயை அடைக்கும் இளஞ்சிவப்புக் குச்சிக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர், மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால். அதன் உறவு மரம் ஒன்று நம் மேற்கு மலைக் காடுகளிலும் உண்டு, இங்கே பாலி என்பார்கள். இது சிகிச்சைக்குத் தேவையில்லாத செய்திதான். தோட்டக்காரனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதில் 3: கூடலூர் வாசி

பணம்தான் தடை என்றால் கோட்டயம் அரசு பல் மருத்துவக் கல்லூரியை விசாரித்துப் பாருங்கள். குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகப் பேருந்து போகிறது. கல்லூரி மருத்துவமனை என்பதால் பேராசிரியர் பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். பல தடவை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதைக் கணக்கரான நீங்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். போகும் முன் அந்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: ஏலக்காய்க் கணக்கர், குமுளி

மூவருக்கும் நன்றி. நேற்று குமுளி மருத்துவரிடமே திரும்பப் போய், நல்ல சுவர் எவ்வளவு மிஞ்சும் என்று நேராகக் கேட்டேன். குளிரூட்டிய பஞ்சை வைத்துப் பார்த்தார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டியபோது தாடைவரை அதிர்ந்தது. எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி மிளகளவு கருநிழல் ஒன்றைக் காட்டினார். கடைசிக்கு முந்தைய பல்தான். உள்பக்கச் சுவர் மட்டும் தாழ்வு, மற்ற மூன்றும் உறுதி என்கிறார். கேப்புக்கு அது போதுமாம். ரப்பர் விரிப்பும் போடுவாராம். எச்பிஏ1சி 7.4 வந்திருக்கிறது, அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்றார். பணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்காத நாளாகப் பார்த்து, வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.