திடீரென மறைந்த ஹார்ட் டிஸ்க்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ஆல்பம்காரர்:

திருமண ஆல்பம் வடிவமைக்கும் கணினியில் மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்திய அன்று மாலையே, படங்கள் அனைத்தும் இருந்த 4 டிபி ஹார்ட் டிஸ்க், கணினி துவங்கும்போது பாகங்களைக் கண்டறியும் பயாஸிலிருந்தே மறைந்துவிட்டது. டேட்டா கேபிளை மாற்றினோம், பவர் கேபிளை மாற்றினோம். டிஸ்க் சுழலும் அதிர்வு விரலுக்குத் தெரிகிறது, ஆனால் பயாஸ் பட்டியலில் அதன் இடம் காலியாகவே இருக்கிறது. எஸ்எஸ்டி வாங்கிய கடைக்கே கணினியைத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கிருந்தவர் பக்கவாட்டு மூடியைக்கூடக் கழற்றாமல், டிஸ்க் போய்விட்டது, டேட்டா ரெகவரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லி, பாதிக் கணினி வாங்கக்கூடிய ஒரு தொகையையும் சொன்னார். இரண்டு கல்யாண வீட்டார் ஆல்பத்துக்காகக் காத்திருந்த நேரம் அது.

என்னை இன்றுவரை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்ததுதான். எங்கள் தெருவில் சிசிடிவி பொருத்தும் தம்பி ஒருவர் வந்து, வேறெதையும் தொடாமல், மதர்போர்டு கையேடு இருக்கிறதா என்று கேட்டார். அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. டிஸ்க்கின் டேட்டா கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகள் பற்றிய பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: அந்த எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி பொருத்தினால் ஐந்தாம் எண் சாட்டா போர்ட் இயங்காது. எங்கள் டிஸ்க் சரியாக அந்த ஐந்தாம் போர்ட்டில் இருந்தது. அவர் கேபிளைப் பிடுங்கி மூன்றாம் போர்ட்டில் செருகினார், டிஸ்க் வந்துவிட்டது. கடைக்காரருக்கு இது தெரியாதா, தெரிந்தேதான் ரெகவரித் தொகையைச் சொன்னாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

எங்கள் தணிக்கை அலுவலகக் கணினியில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மூடியைத் திறந்து வைத்தால் டிஸ்க் வரும். மூடித் திருகினால் போய்விடும். சர்வீஸுக்கு வருபவர் திறந்து வைத்துத்தானே பார்ப்பார், அவர் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கடைசியில் நானே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த கேபினெட்டில் டிஸ்க் குறுக்குவாட்டில் அமர்வதால், சாட்டா கேபிளின் தலை நேரே பக்கவாட்டு மூடியை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. மூடும்போது தகடு அதை ஒருபுறமாக அழுத்தியது. மூடியின் உட்புறத்தில், சிவப்பு கேபிள் உரசிய இடத்தில், மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று விழுந்திருந்தது. வளைந்த தலையுள்ள கேபிளை வாங்கிப் போட்டதோடு தொல்லை தீர்ந்தது.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 என்ற வரியை எல்லோரும் பார்க்க வேண்டும். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும் வழியில் நேரும் பிழைகளின் எண்ணிக்கை அது. ஏறிய எண் இறங்காது. ஆனால் கேபிளை மாற்றிய பின் மேலும் ஏறாமல் நின்றுவிட்டால் குற்றம் கேபிளுடையது என்று வைத்துக்கொள்ளலாம். (அந்த மென்பொருள் மூல எண்களை எழுத்துகளும் கலந்த பதினாறடிமானத்தில் காட்டும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.) டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு போர்ட்டை மாற்றுங்கள், மீண்டும் மீண்டும் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கைக் குறை சொல்வது கடைசியில்தான்.

மூன்றாம் மாடி:

கணக்குப்பிள்ளை அண்ணன் மன்னிக்க வேண்டும், “மீண்டும் மீண்டும் போட்டுப் பாருங்கள்” என்பதை என்னால் ஏற்க முடியாது. என் மாமனார் வீட்டில் அப்படிப் போட்டுப் பார்த்துத்தான் எல்லாம் போயிற்று. வந்தவர் கேபிள் சரியில்லை என்ற ஒரே முடிவோடு வந்தார். டிஸ்க் உள்ளிருந்து டக், டக் என்று தட்டுகிறது, சற்று நின்று மறுபடி தட்டுகிறது; அவரோ ஒவ்வொரு கேபிளாக மாற்றி, ஒவ்வொரு முறையும் பவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு சென்னையில் ஒரு ரெகவரி நிலையத்துக்குக் கொண்டு போனோம். திறந்து பார்த்தவர் புகைப்படம் எடுத்துக் காட்டினார்: கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய தட்டில் வட்டமாக ஒரு தேய்ந்த வளையம், உள்ளே காற்றைச் சுத்தப்படுத்தும் சின்னஞ்சிறு வெள்ளை வடிகட்டி முழுவதும் கரும்பொடி. அந்தப் பொடிதான் படங்கள் இருந்த காந்தப் பூச்சு.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டியது தகவலைப் படித்து எழுதும் தலை. அது பழுதாகித் தட்டை உரசத் தொடங்கிவிட்டால், நாம் பவர் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு கூடிக்கொண்டே போகும். ஆகவே கேபிளைத் தொடுவதற்கு முன் காதைக் கொடுங்கள். டிஸ்க் சீராகச் சுழன்று அமைதியாக இருக்கிறது, ஆனால் பயாஸில் இல்லை என்றால், கேபிள், போர்ட், அமைப்பு என்று தாராளமாகத் தேடலாம். சுழலவே இல்லை என்றால் பவர் வரும் வழியையோ டிஸ்க்கின் அடியிலுள்ள சர்க்யூட் போர்டையோ சந்தேகிக்கலாம். தட்டும் சத்தமோ, மோட்டார் சுழல முடியாமல் கீச்சிடும் சத்தமோ வந்தால் உடனே அணைத்துவிட்டு, அதிலுள்ள தகவல் பணம் கொடுத்து மீட்கத் தகுந்ததா என்று மட்டும் முடிவு செய்யுங்கள். ஃபிரிட்ஜின் ஃபிரீசருக்குள் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் தட்டில் படியும், அதோடு மிச்சமும் போய்விடும்.

இன்னொன்று, பயாஸில் தெரிந்து விண்டோஸில் மட்டும் தெரியாவிட்டால் அது வேறு நோய். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால் ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். பழைய தகவல் உள்ள டிஸ்க்கை “இனிஷியலைஸ் செய்யவா” என்று விண்டோஸ் கேட்டால் சரி என்று அழுத்தாதீர்கள், கேன்சல் செய்யுங்கள். டிஸ்க் தள்ளாடுகிறது என்ற ஐயம் இருந்தால் செக்டிஸ்க் ஓட்டவும் வேண்டாம். அது கோப்பு முறையைச் சீர்படுத்தும் கருவியே தவிர, தகவலை மீட்கும் கருவி அல்ல. சாகும் டிஸ்க்கை அது மேலும் அலைக்கழிக்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவியைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றில் பிரதி எடுத்து, பிரதியின் மேல் வேலை செய்யுங்கள். யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

கணக்குப்பிள்ளை:

தம்பி, எங்கள் டிஸ்க் தட்டவில்லை, கீச்சிடவும் இல்லை. தட்டும் டிஸ்க்குக்குப் பவர் கொடுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? சி7 பற்றிச் சொன்னதை மட்டும் நீங்கள் மறுக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

முத்துநகர்:

சண்டையை நிறுத்திவிட்டு கணினிக்குப் பவர் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பக்கம் சற்றுப் பாருங்கள். எங்கள் அச்சகத்துக் கணினியில் எஸ்எம்பிஎஸ் எரிந்துபோய், புதியதைப் பொருத்த ஒருவர் வந்தார். இரண்டுமே கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை. டிஸ்க்குக்குப் போகும் பழைய கேபிள்கள் கேபினெட்டின் பின்புறம் அழகாகக் கட்டப்பட்டிருந்ததால், அவற்றைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, பெட்டியை மட்டும் மாற்றி, பழைய கேபிள்களையே புதியதில் செருகிவிட்டார். செருகவும் சரியாகத்தான் செருகிற்று. சுவிட்சைப் போட்டதும் கருகிய வாடை ஒன்று வந்தது. இரண்டு டிஸ்க்கும் அந்த நொடியே அடங்கிவிட்டன.

டிஸ்க் பக்கம் இருக்கும் 15 முனை சாட்டா பவர் இணைப்புதான் எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த முனையில் 5 வோல்ட், எந்த முனையில் 12 வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளேயே மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரெகவரி செய்பவர் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி விளக்கடியில் பிடித்துக் காட்டினார். பவர் நுழையும் இடத்தருகே, அரிசிமணி அளவே இருக்கும் ஒரு கறுப்புப் பாகத்தின் முதுகு வெடித்திருந்தது. அது டிவிஎஸ் டையோடு. மிகை மின்னழுத்தம் வந்தால் தான் ஷார்ட் ஆகி, பின்னால் இருப்பவற்றைக் காப்பாற்றுவது அதன் வேலை. மல்டிமீட்டரில் இரு திசையிலும் ஏறக்குறைய சுழி ஓம் காட்டிற்று. அதை எடுத்துவிட்டுப் பவர் கொடுத்ததும் ஒரு டிஸ்க் உயிர் பெற்றது. பாதுகாப்பு இல்லாத நிலையில் அதிலிருந்து எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டோம். மற்றொன்றில் போர்டே போயிருந்தது. அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் ஓடிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள், ஓடாது. அந்தந்த டிஸ்க்குக்கென அளந்து எழுதிய விவரங்கள் போர்டிலுள்ள ரோம் சிப்பில், அதாவது படிக்க மட்டுமான நினைவகச் சிப்பில் இருக்கும். அதையும் கழற்றி மாற்று போர்டில் ஒட்ட வேண்டும். அவர் அதைச் செய்து கொடுத்தார், ஆனால் புதுச் செலவுதான்.

இரவுப்பறவை:

என்னுடையது இதற்கு நேர்மாறு. பவர் சரியாக வந்ததால்தான் டிஸ்க் ஓடவில்லை. யுஎஸ்பி வழியாக மாட்டும் வெளிப்புற டிஸ்க் ஒன்றின் பெட்டியைப் பிரித்து, உள்ளிருந்த டிஸ்க்கை மேசைக் கணினியில் பொருத்தினேன். அசைவே இல்லை. திரும்பவும் பெட்டிக்குள் வைத்தால் உற்சாகமாகச் சுழல்கிறது. காரணம் பவர் இணைப்பின் மூன்றாம் முனை: முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அந்த முனையை, சாட்டா விதிகளின் 3.3 ஆம் பதிப்பு வந்த பிறகு, டிஸ்க்கை அணைத்து வைக்கும் கட்டளைக்குப் பயன்படுத்துகிறார்கள். பழைய முறை எஸ்எம்பிஎஸ் அந்த முனையில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால், டிஸ்க் அதை “அணைந்திரு” என்று புரிந்துகொண்டு கிடக்கிறது. மின்சாரம் கடத்தாத மஞ்சள் நிறக் காப்டன் டேப்பில் ஒரு மெல்லிய கீற்றை வெட்டி, மூன்றாம் முனை மறையுமாறு ஒட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அந்த டிஸ்க் மெல்ல விர்ரென்று எழுந்த ஓசை இருக்கிறதே, அதை மறக்க முடியாது.

எஸ்எம்பிஎஸ்ஸின் பழைய நான்கு முனை இணைப்பான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போட்டாலும் இது தீரும், ஏனென்றால் மோலெக்ஸில் 3.3 வோல்ட் கிடையாது. ஆனால் தலைப்பகுதி முழுவதும் பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவு கேபிள்கள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் நிறைய உண்டு. முத்துநகர் அண்ணனின் வாடையை நீங்களும் முகர வேண்டாம்.

கரும்பலகை:

பள்ளிக் கணினிக் கூடத்துக்குப் புதிய கணினிகள் வந்தபோது விண்டோஸ் நிறுவும் வேலை எனக்கு வந்தது. பயாஸில் எஸ்எஸ்டி பெயரோடு தெரிகிறது. நிறுவும் திரையில் “டிரைவ் எதுவும் இல்லை” என்று வருகிறது. மேலே சொன்ன எல்லாவற்றையும் படித்துவிட்டு நான் கேபினெட்டைத் திறந்திருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும். இன்டெல் 11 ஆம் தலைமுறை முதல் வரும் பல கணினிகளில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும். அதற்கான டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லையென்றால் எஸ்எஸ்டி அதன் கண்ணுக்குப் படாது. மதர்போர்டு தளத்திலிருந்து ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் எடுத்துவந்து, “லோட் டிரைவர்” வழியாகக் காட்டினால் போதும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாம் என்பார்கள். வெற்று டிஸ்க்கில் அது சரி. ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அதை அணைத்தால், அது துவங்காமல் நீலத்திரையில் நிற்கக்கூடும். எங்கள் கூடத்தில் ஓர் ஆர்வமுள்ள மாணவன் அதைச் செய்து பார்த்துவிட்டான். விஎம்டியை மறுபடி இயக்கத்தில் வைத்ததும் விண்டோஸ் பழையபடி வந்துவிட்டது, ஒன்றும் அழியவில்லை.