காட்டு வான்கோழி வேட்டை: முதல் பருவ அனுபவங்கள்

மிசூரியிலிருந்து

இங்கே, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், காட்டு வான்கோழி வேட்டையின் வசந்தகாலப் பருவம் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கும். சேவலையோ தாடி தெரிகிற பறவையையோ மட்டும்தான் சுடலாம். தாடி முகத்தில் இருக்காது. நெஞ்சிலிருந்து தொங்கும் முரட்டுக் கருமுடி போன்ற கற்றை அது. சேவலுக்கு உண்டு, சில பெட்டைகளுக்கும் இருக்கும்.

என்னைக் கூட்டிப்போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். இருட்டோடு போய், தோளைவிட அகலமான ஓக் மரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். உருவம் மறையும், பின்னாலிருந்து யாராவது தெரியாமல் சுட்டாலும் மரம் தாங்கிக்கொள்ளும். விடியப்போகும் நேரத்தில் பெரியவர் ஆந்தை மாதிரி ஒரு குரல் கொடுத்தார். சரிவில் மரத்தில் அடைந்திருந்த சேவல் உடனே பதிலுக்குக் கத்தியது. ஆந்தை, காக்கை, கார்க் கதவு சாத்தும் சத்தம் என்று எதைக் கேட்டாலும் அந்த நேரத்தில் அதற்குப் பொறுக்காது. சரி, இடம் தெரிந்துவிட்டது.

சேவல் தரையிறங்கியதும் குரல் எழுப்புவதற்கென்றே உள்ள சிறு மரப்பெட்டியின் மூடியை உரசி, பெட்டை கூப்பிடுவது போல மெதுவாக மூன்று நான்கு குரல் கொடுத்தார். பதில் வந்தது. இன்னொரு தடவை கூப்பிடலாமே என்று எனக்குக் கை பரபரத்தது. அவரோ பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். வழக்கமாகச் சேவல் கத்தினால் பெட்டைதான் தேடிப் போகும். நாம் கேட்பது அதற்கு நேர்மாறு. ஓயாமல் கூப்பிட்டால், அவள்தான் வரப்போகிறாளே என்று எழுபது கெஜத்திலேயே நின்று வாலை விரித்து ஆடிக்கொண்டிருக்கும். நாம் வாயை மூடினால்தான் தேடி வரும். பல நேரம் தானும் வாயை மூடிக்கொண்டே வரும்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றுவது அப்போதுதான். அப்புறம் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் படுகிற மாதிரி 'ட்ரும்ம்' என்று ஓர் அதிர்வு. ஆடுகிற சேவல் எழுப்பும் ஒலி அது, கிட்டத்தில் இருந்தால்தான் கேட்கும். இடப்பக்கம் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக ஒரு தலை. என் துப்பாக்கியோ வலப்பக்கம் பார்த்திருந்தது. இமைத்தால்கூடக் கண்டுபிடித்துவிடும் பறவை. அதன் தலை ஏதாவது மரத்துக்குப் பின்னால் மறையட்டும், திருப்பிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். மறையவே இல்லை, நிதானமாக நடந்து போய்விட்டது. பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

பென்சில்வேனியாவிலிருந்து

அண்ணா, அந்த மூன்று நிறத்தையும் புதியவர்கள் மனதில் வைக்கணும். சிவப்புக் கைக்குட்டை, வெள்ளைக் காலுறை, நீலச் சட்டை எதுவும் வெளியே தெரியக் கூடாது, சேவலின் தலை என்று நினைத்து யாராவது சுட்டுவிடலாம். எங்கள் மாநிலத்தில் வசந்தப் பருவத்தில் கூப்பிட்டு வரவழைத்துத்தான் சுடலாம், பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டவிரோதம். ஏன் என்று ஒரு காலையில் எனக்கே புரிந்தது. சரிவுக்குக் கீழே ஒரு பெட்டை ரொம்ப அழகாகக் கூவிக்கொண்டிருந்தது, இடையிடையே சருகு கிளறும் சத்தம் வேறு. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். கடைசியில் புதருக்குள்ளிருந்து எழுந்தது தலை முதல் கால் வரை இலைப்பச்சை உடை போட்ட ஓர் ஆள்! அவர் என்னைக் கவனிக்கவில்லை. இப்படி நேர்ந்தால் கையை ஆட்டக் கூடாது, வான்கோழிக் குரலும் கொடுக்கக் கூடாது. அசையாமல் இருந்து உரக்கப் பேசணும். நான் 'ஹலோ சார்' என்று கத்தினேன். பாவம், ஆள் பதறிப்போனார்.

டெக்சாஸிலிருந்து

எச்-1பி எனப்படும் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்கள் கேட்பதால் சொல்கிறேன். இந்த வகை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. அதனால் நண்பரின் துப்பாக்கிதானே என்று வாங்கிப் பார்ப்பதற்கும் முன்பே உரிமத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாநில விதிகளைத் தனியாகப் படிக்கணும்.

பருவத்துக்கு முன் ஒரு பெரிய தாளில் வான்கோழித் தலையும் கழுத்தும் வரைந்து நாற்பது கெஜத்தில் நிறுத்திச் சுட்டுப் பாருங்கள். ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், எப்படிச் சிதறுகிறது என்பது ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு மாதிரி. குறி எப்போதும் தலைக்கும் கழுத்துக்கும்தான். உடம்பில் பட்டால் இறகும் சதையும் தாங்கிக்கொண்டு பறவை காயத்தோடு ஓடிப்போய்ச் சாகும்.

மிசூரியிலிருந்து, மறுபடியும்

கடைசியில் கிடைத்ததா என்று கேட்ட தம்பிக்கு: அதே பருவத்தில் கிடைத்தது, வேறொரு சரிவில், வால் இறகுகளில் நடுவில் உள்ளவை மட்டும் நீண்டிருந்த இளஞ்சேவல். நெஞ்சுக்கறியை மிளகு போட்டு வறுத்தோம், சீக்கிரம் வெந்துவிட்டது. கால் அப்படியில்லை, முற்றின நாட்டுக்கோழி தோற்றது. குக்கரில் ஆட்டுக்கறிக்கு வைப்பதைவிடக் கூடுதலாக விசில் விட்டுக் குழம்பு வையுங்கள். கால் சதைக்குள் ஈர்க்குச்சி போலக் கெட்டியான நரம்புகள் நிறைய இருக்கும். வெந்தபின் இழுத்தால் உருவிக்கொண்டு வரும், பரிமாறுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.