பேப்பரில் டிவி விமர்சனம் படித்துத் தொடர் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவம்?

எடிசன், நியூஜெர்சி:

நானே தொடங்கி வைக்கிறேன். 2003-இல் வேலைக்காக இங்கே வந்தேன். நாலு பேர் சேர்ந்து தங்கிய அபார்ட்மெண்டில் டிவி இருந்தது, கேபிள் இருந்தது, எதைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க முந்தின ராத்திரி பார்த்த தொடரைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. யாரோ படித்து முடித்த 'ஸ்டார்-லெட்ஜர்' பேப்பர் அங்கே எப்போதும் கிடக்கும். நியூஜெர்சியின் நூவர்க் நகரத்தை மையமாகக் கொண்டு வந்த பேப்பர் அது. துணி காய்கிற நேரத்தில் அதில்தான் ஆலன் செப்பின்வால் எழுத்தை முதன்முதலாகப் படித்தேன். 1996-லிருந்து அங்கே டிவி விமர்சகராக இருந்தவர்.

ஊரில் நமக்குத் தெரிந்த சீரியல் தினமும் வரும், வருஷக்கணக்கில் ஓடும். இங்கே கணக்கே வேறு. அப்போது பெரிய சேனல்களின் தொடர்கள் செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடியும், சீசனுக்குச் சுமார் 22 எபிசோடு. எது தொடரும், எது நிற்கும் என்பது மே மாதம் தெரிந்துவிடும். புதுத் தொடர்களின் முதல் எபிசோடை, அதாவது பைலட்டை, கோடையிலேயே விமர்சகர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். செப்டம்பரில் பேப்பரைத் திறந்தால் எந்தக் கிழமை எந்தத் தொடர், பார்க்கலாமா வேண்டாமா என்று பக்கம் பக்கமாக இருக்கும். நான் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைப்பேன். அறை நண்பர்கள் பேனாவால் டிக் போடுவார்கள்.

பைலட்டை வைத்துச் சொல்லும் தீர்ப்பில் ஒரு சிக்கல் இருப்பதை 2006-இல்தான் புரிந்துகொண்டேன். அந்த வருஷம் என்பிசி சேனலில் ஒரே மாதிரி இரண்டு தொடர்கள் வந்தன. இரண்டுமே டிவி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் திரைக்குப் பின்னால் நடக்கும் கதை. ஒன்று 'ஸ்டூடியோ 60 ஆன் த சன்செட் ஸ்ட்ரிப்', மற்றது '30 ராக்'. எதிர்பார்ப்பு எல்லாம் முதலாவதன் மேல்தான். பெரிய எழுத்தாளர், பெரிய நடிகர்கள், பைலட்டும் நன்றாகவே இருந்தது. நானும் அதற்கே டிக் போட்டேன். அது ஒரே சீசனில் முடிந்துபோனது. '30 ராக்' ஏழு சீசன் ஓடி, 2007, 2008, 2009 என்று தொடர்ந்து மூன்று வருஷம் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதும் வாங்கியது.

விமர்சகர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு எபிசோடு. பைலட்டுக்குப் பணமும் நேரமும் தாராளமாகக் கிடைக்கும். இரண்டாவது எபிசோடிலிருந்து ஒரு மணி நேரத் தொடரின் ஒவ்வொரு எபிசோடையும் எட்டு நாளுக்குள் எடுத்து முடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தறியில் நெசவு எப்படி வரும் என்பதை பைலட்டை மட்டும் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

அப்புறம் நான் படிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். புதுத் தொடர் பற்றிய பத்தியை மேலோட்டமாகப் பார்ப்பேன், திரும்பி வரும் தொடர்களைப் பற்றி எழுதியதை வரிக்கு வரி படிப்பேன். போன வருஷம் புகழ்ந்த தொடர் இந்த வருஷம் சறுக்கினால் அதை ஒப்புக்கொள்கிறாரா? போன வருஷம் தட்டிக் கழித்தது தேறிவிட்டால் வாய் திறந்து சொல்கிறாரா? விமர்சகரின் நேர்மை எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

'த வயர்' எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். 2002-இல் எச்பிஓ என்ற கேபிள் சேனலில் தொடங்கிய தொடர். பால்டிமோர் நகரம், போதைப்பொருள் வியாபாரம், போலீஸ். உருவாக்கிய டேவிட் சைமன் 'பால்டிமோர் சன்' பேப்பரில் நிருபராக இருந்தவர். பார்த்தவர்கள் குறைவு, எம்மி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2006 செப்டம்பரில் பள்ளிச் சிறுவர்களைப் பற்றிய நான்காம் சீசன் வந்தபோது விமர்சகர்கள் விடாமல் எழுதினார்கள், பார், பார் என்று கெஞ்சுகிற மாதிரி. நடுவில் நுழைந்தால் புரியாது என்பதால் நூலகத்தில் முதல் சீசன் டிவிடி எடுத்து வந்தேன். முதல் மூன்று எபிசோடு யார் யார் என்றே பிடிபடவில்லை. நாலாவதில் பிடித்துக்கொண்டது. 2008-இல் முடிந்தபோது, 60 எபிசோடையும் பார்த்த ஒரே தேசி, அதாவது நம்ம ஊர்க்காரன், என்று ஆபீஸில் எனக்குப் பெயர். மதியச் சாப்பாட்டுப் பேச்சில் அன்று முதல் எனக்கும் ஒரு இடம் கிடைத்தது.

'சோப்ரானோஸ்' பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நியூஜெர்சியிலேயே நடக்கும் மாஃபியாக் கதை. அதில் டோனி சோப்ரானோ காலையில் பாத்ரோபோடு வாசலுக்கு வந்து பொறுக்குகிற பேப்பரே ஸ்டார்-லெட்ஜர்தான். 2007 ஜூன் 10, ஞாயிறு இரவு, கடைசி எபிசோடு. உணவகத்தில் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, திடீரென்று திரை கறுத்துவிட்டது. கேபிள் போய்விட்டது என்று நினைத்து எழுந்து ஒயரை ஆட்டினேன். மறுநாள் கேட்டால் ஆபீஸில் பாதிப் பேர் அதையேதான் செய்திருக்கிறார்கள்.

படைப்பாளி டேவிட் சேஸ் அப்போது பிரான்ஸில் இருந்தார். அவர் பேட்டி கொடுத்தது செப்பின்வாலுக்கு, அந்த உள்ளூர் பேப்பருக்கு. விளக்கம் எதுவும் சொல்ல மாட்டேன் என்பதுதான் பேட்டியின் சாரம். இருந்தும் இரண்டு முறை படித்தேன். அடுத்த சனிக்கிழமை அறை நண்பர்களோடு காரை எடுத்துக்கொண்டு ப்ளூம்ஃபீல்டு போய், அந்தக் காட்சி எடுத்த ஹோல்ஸ்டன்ஸ் கடையில் ஆனியன் ரிங்ஸ் சாப்பிட்டோம்.

செப்பின்வால் 2010-இல் அந்தப் பேப்பரிலிருந்து விலகினார். ஸ்டார்-லெட்ஜரும் 2025 பிப்ரவரி 2-ஆம் தேதியோடு அச்சில் வருவதை நிறுத்திவிட்டது. கடைசி இதழ் பிளாஸ்டிக் பையில் சுற்றி வாசலில் கிடந்தது. எடுத்து பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

ஹரோ, லண்டன்:

நான் இதைக் கடைப் பக்கமிருந்து சொல்கிறேன். பேப்பர் கடை வைத்திருந்தோம். விடிய நாலரைக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பட்டியை வெட்டி, இணைப்புகளை உள்ளே செருகி, வீடு வீடாகப் போக வேண்டியதற்கு நம்பர் எழுதி, ஆறு மணிக்கு முதல் ஆள் வருவதற்கிடையில் எனக்குப் பத்து நிமிஷம் மிஞ்சும். அந்தப் பத்து நிமிஷத்தில் கார்டியன் பேப்பரின் டிவி பக்கம் படிப்பேன். அதன் விமர்சகர் நான்சி பேங்ஸ்-ஸ்மித் எழுதினால் அதுதான் முதல்.

இங்கே ஒரு வித்தியாசம் இருந்தது. ஒளிபரப்புக்கு முன்னால் சொல்வது ஒரு வேலை, நேற்றிரவு பார்த்ததை இன்று காலை எழுதுவது இன்னொரு வேலை. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். வாடிக்கையாளரும் பார்த்திருப்பார், விமர்சகரும் பார்த்திருப்பார், நானும் பார்த்திருப்பேன். மூன்று பேரும் ஒரே இரவைப் பற்றிக் கதைக்கலாம்.

2005-இல் பிபிசியின் காலப்பயணத் தொடர் 'டொக்டர் ஹூ' திரும்பி வந்தது எனக்கு மறக்காது. 1989-இல் தொடராக நின்றுபோனது. மார்ச் 26, சனிக்கிழமை இரவு, கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் நடித்த புதுத் தொடர். கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் உடுப்புப் பொம்மைகள் உயிர் பெற்று வெளியே வரும் கதை. ஏழு வயது மகன் என் கையை விடவே இல்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்கள் பார்த்த இரவு அது.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிய நாள், நித்திரை போதாது. பெரிய கடைகள் சட்டப்படி பூட்டு, அதனால் எங்களிடம் சரியான சனம். வந்த வயதானவர்கள் எல்லாரும் அதையே கதைத்தார்கள். அவர்களுக்கு அது சின்ன வயதில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்த தொடர். கிழமை நாளில் மதிப்புரைகள் வந்தபோது ஒருவர் பேப்பரை மேசையில் விரித்து, இந்த ஆள் சொல்வது சரி, இந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு வாசித்துக் காட்டினார். பழைய தொடரை அறிந்தவர் எழுதினதற்கும் அறியாதவர் எழுதினதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்கு வடிவாக விளங்கியது. எடிசன்காரர் சொன்னது உண்மை. திரும்பி வரும் தொடரைப் பற்றி எழுத, எழுதுகிறவருக்கும் ஞாபகம் வேண்டும்.

மகன் அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு உடுப்புக் கடை வாசலால் நடக்கவில்லை. றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால்தான் கூட்டிப்போக வேண்டும்.

சிகாகோ:

நான் படிக்க வந்த வருஷம், 2009 ஏப்ரலில் 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்' தொடங்கியது, ஒரு சின்ன ஊரின் பூங்காத் துறை அலுவலகத்தில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். முதல் சீசன் ஆறே எபிசோடு. மதிப்புரைகள் சுமார்தான், நானும் பாதியில் விட்டுவிட்டேன். செப்டம்பரில் இரண்டாம் சீசன் வந்தபோது அதே விமர்சகர்களில் சிலர், இது இப்போது வேறு தொடர், திரும்பப் பாருங்கள் என்று எழுதினார்கள். உண்மையாகவே மாறியிருந்தது. முதல் சீசனில் கதாநாயகி லெஸ்லியை விவரம் தெரியாதவள் மாதிரி காட்டியிருந்தார்கள். இரண்டாவதில் அவள் வேலையில் கெட்டிக்காரி, கூட இருப்பவர்களும் அவளை மதிக்கிறார்கள். அந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது. ஏழு சீசன், 125 எபிசோடு. ஆய்வேடு எழுதிய காலத்தில் எனக்குத் துணை அதுதான். "போன தடவை நான் சொன்னதை மறந்துவிடுங்கள்" என்கிற தொனியில் அன்று சிலர் எழுதாமல் போயிருந்தால் நான் திரும்பிப் போயிருக்கவே மாட்டேன்.

கோயம்புத்தூர்:

எடிசன் அண்ணா, 'ஃபிரைடே நைட் லைட்ஸ்' பற்றி, அதாவது டெக்சாஸ் பள்ளி ஒன்றின் அமெரிக்க ஃபுட்பால் அணியைப் பற்றிய அந்தத் தொடரைப் பற்றி, நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? எல்லாரும் பாராட்டுகிறார்கள் என்று தொடங்கினேன். முதல் சீசன் பிரமாதம். இரண்டாவதில் ஒரு கொலை வருகிறது, அதோடு மனசு விட்டுப்போனது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

எடிசன், நியூஜெர்சி:

தம்பி, விட்டுவிடாதீர்கள். அந்தக் கொலைக் கதையை அப்போதே விமர்சகர்கள் கடுமையாகத் திட்டினார்கள், முதல் சீசனைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களே திட்டினார்கள். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் 15 எபிசோடோடு நின்றது. மூன்றாவது சீசன் வருமா என்பதே சந்தேகமாக இருந்து, டைரக்ட்டிவி என்ற சாட்டிலைட் டிவி நிறுவனம் செலவைப் பகிர்ந்துகொண்டதால் 2008 அக்டோபரில் முதலில் அங்கேயும் பிறகு என்பிசியிலும் வந்தது. கொலையைப் பற்றிப் பேச்சே இல்லாமல், முதல் சீசனின் மூச்சு திரும்பியிருக்கும். ஃபுட்பால் விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு இன்றைக்கும் தெரியாது. கோச் டெய்லரும் அவர் மனைவி டாமியும் சமையலறையில் நின்று பேசுகிற காட்சிகளைப் பாருங்கள், அது போதும். இரண்டாம் சீசனில் அந்தக் கொலையைச் செய்யும் லாண்ட்ரி வரும் இடங்களை வேகமாக ஓட்டிவிட்டு மூன்றாவதற்குப் போங்கள். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.