அப்பப்பாவின் யானை முத்திரை

குழு: கொடிகாமத்து வீடு

குட்டி: அப்பப்பாவின் அலுமாரியில் தபால் முத்திரை அல்பம் கிடைத்தது. யானைப் படம் போட்ட இலங்கை 50 சதம், ஆறாம் ஜோர்ஜ் தலையோடு மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒரே மாதிரி. இரண்டைச் சிநேகிதிக்குக் கொடுக்கட்டுமா?

பெரியப்பா: பொறு பிள்ளை! விளிம்பை அளக்காமல் ஒன்றையும் கொடுக்காதே. அந்த வரிசை 1938இல் வந்தது. படம் ஒன்று, பல் வேறு.

ரஞ்சி: பல் என்றால் ஓரத்து நெளிவா?

பெரியப்பா: ஓம். கிழிப்பதற்கு வசதியாகத் துளை போடுகிறார்கள். கிழித்த பிறகு ஓரத்தில் பாதித் துளையும், துளைக்குத் துளை நடுவே ஒரு பல்லும் நிற்கும். 2 சென்ரிமீற்றருக்குள் எத்தனை துளை என்பதுதான் அளவு. 1866இல் லெக்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த முறை, இன்றைக்கும் அதுதான். முதலில் சொல்வது மேல் விளிம்பு, அடுத்தது பக்க விளிம்பு. இந்த யானை 13 × 11½ ஆக வந்தது. அதே 1938இல் 13 × 13½ ஆகவும் வந்தது. அரிது அந்த இரண்டாவதுதான். அப்புறம் இரண்டு பக்கமும் 13½, 14, 12 என்றெல்லாம் வந்தன.

மாமி: ஒரே முத்திரைக்கு ஏன் அண்ணா இத்தனை அளவு?

பெரியப்பா: இயந்திரம் மாற மாற அளவும் மாறும். நடுவில் போர் வேறு. இதை அச்சடித்த டி லா ரூ நிறுவனத்தின் லண்டன் பன்ஹில் ரோ தொழிற்சாலை 1940 டிசம்பர் குண்டுவீச்சில் அழிந்தது. 14 அளவு யானை 1942இல் வந்தது. அந்தக் காலத்தின் தடயம் ஓரத்தில் இருக்கிறது, அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆசை.

குட்டி: என்னிடம் அடிமட்டம் மட்டும்தான் இருக்கிறது.

பெரியப்பா: போதும். கையால் தொடாதே, சாமணத்தால் எடு. கறுப்புத் தாளின் மேல் வைத்தால் துளை தெளிவாகத் தெரியும். ஒரு துளையின் நடுவில் தொடங்கி 2 சென்ரிமீற்றர் எண்ணு. முடியும் இடம் துளையின் நடுவாக இருந்தால் முழு எண். பல்லின் நுனியில் முடிந்தால் அரை.

குட்டி: சரி. முதலாவது மேலே 14, பக்கமும் 14.

பெரியப்பா: போர்க்காலத்து யானை!

குட்டி: இரண்டாவது மேலே 13, துளையில்தான் முடிகிறது. பக்கத்தில் 11, பிறகு பல் நுனி. அப்படியென்றால் 11½. மூன்றாவது மேலே 13. பக்கத்தில்... பல்லே இல்லை. இரண்டு பக்கமும் நேராக இருக்கிறது.

ரஞ்சி: துளை போடாமலே வந்ததா? இலங்கையின் முதல் முத்திரைகள் துளை இல்லாமல்தானே வந்தன?

பெரியப்பா: 1857இல் வந்தவை அப்படித்தான், கத்திரிக்கோலால் வெட்டி ஒட்டினார்கள். இது அது இல்லை. துளையில்லாமல் வந்ததற்கு ஓர வெள்ளை அகலமாக இருக்கும், பல்லை நறுக்கினால் குறுகிவிடும். ஏமாற்றுகிறவர்கள் செய்கிற வேலையும் இதுதான். அதனால் துளையில்லாத முத்திரையை இரண்டு சேர்ந்தபடி வாங்குவதுதான் பாதுகாப்பு.

மாமி: அது நான் வெட்டியது.

மாமி: ஏழு வயது இருக்கும். ஓரம் நெளிந்து கிடக்கிறது, வடிவாக்கித் தருவோம் என்று நினைத்தேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அல்பத்தை மட்டும் மேல் தட்டில் வைத்துவிட்டார். இப்போதுதான் காரணம் விளங்குகிறது. அதுதான் அந்த அரிய முத்திரையா அண்ணா?

பெரியப்பா: மேல் விளிம்பு 13 என்றால் இரண்டில் ஒன்று. பக்கம் 11½ ஆகவும் இருக்கலாம், 13½ ஆகவும் இருக்கலாம். பிரித்துச் சொல்வது பக்கம் மட்டும்தான். குட்டி, மூலைகளை நன்றாகப் பார். எங்கேயாவது பல் மிச்சம் இருக்கிறதா?

குட்டி: வலப்பக்கம் கீழே கத்திரிக்கோல் கொஞ்சம் விலகியிருக்கிறது. நான்கைந்து பல் தப்பியிருக்கின்றன. 2 சென்ரிமீற்றர் வராதே.

பெரியப்பா: வேண்டாம். இரண்டாவது முத்திரையை, அந்த 11½ஐ, இதன் மேல் ஓரத்தோடு ஓரம் வை. முதல் துளையைச் சரியாகப் பொருத்து. அளவு ஒன்றென்றால் மற்றத் துளைகளும் பொருந்தும். 13½ என்றால் நான்காவது துளைக்குள் முக்கால் மில்லிமீற்றர் விலகிவிடும், கண்ணுக்கே தெரியும்.

மாமி: எனக்குக் கை நடுங்குகிறது, வைப்பது அவளாக இருந்தும்.

குட்டி: பொருந்துகின்றன. எல்லாத் துளையும். படம் அனுப்புகிறேன்.

பெரியப்பா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 11½தான். அரியது இல்லை.

மாமி: அப்பாடா. நெஞ்சு ஆறிவிட்டது.

ரஞ்சி: அதையும் அல்பத்திலேயே வையுங்கள். மாமி வெட்டியது எனக்கு வேண்டும்.

குட்டி: வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் சிவனொளிபாதமலை 3 சதம், ஆறு இருக்கின்றன.

பெரியப்பா: அதிலும் 13 × 13½ உண்டு, அதுவும் அரிது! இந்தமுறை பக்கத்தை முதலில் அள பிள்ளை.

குட்டி: முதலாவது, பக்கம் 11, பிறகு பல் நுனி. இரண்டாவதுக்கு விளக்கைக் கிட்டக் கொண்டுவருகிறேன், பொறுங்கள்.