சீறொளியா, கடுமாறொளியா?

> குவேசாரின் (தொலைதூர விண்மீன் திரளின் நடுவில் கருந்துளையால் பேரொளி வீசும் கருவின்) பொலிவு திடீரென எகிறுவதைச் ‘சீறொளி’ எனலாமா? இல்லை, ‘ஒளித்துடிப்பு’ போதுமா?

ஐயா, வணக்கம்.

சீறொளி காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீறூர், சீறடி, சீறியாழ் எல்லாவற்றிலும் ‘சீறு’ சிறுமையைத்தானே சொல்கிறது? பழந்தமிழ் படித்தவர் கண்ணில் இது சின்ன வெளிச்சமாகிவிடும். நம் பொருளோ நேர் எதிர். சிடிஏ 102 என்ற குவேசாரின் ஒளி நம்மிடம் வந்துசேர ஏறத்தாழ 800 கோடி ஆண்டு ஆகிறது. பொலிவெண் (குறையக் குறைய வெளிச்சம் கூடும்) 17 வாக்கில் மங்கிக் கிடந்த அது 2016 இறுதியில் 11-ஐத் தொட்டது. ஆறு படி என்றால் சுமார் 250 மடங்கு! அவ்வளவு தொலைவில் உள்ளதைச் சிறு தொலைநோக்கியிலேயே பார்க்க முடிந்தது.

துடிப்பு வேண்டாம். அதைத் துடிவிண்மீனுக்குக் (பல்சாருக்குக்) கொடுத்தாயிற்று. அது கடிகாரம்போல முறை தவறாது. இதற்கு முறையே கிடையாது. மினுக்கமும் சரிப்படாது, அது நம் காற்றுமண்டலத்தின் வேலை.

கருந்துளையின் அருகிலிருந்து ஒளிவேகத்தை நெருங்கிப் பாயும் தாரை கிட்டத்தட்ட நம்மை நோக்கியே வருகிறது. அதனால் வெளிச்சமும் பெருகித் தெரிகிறது, மாற்றமும் விரைவாகத் தெரிகிறது. ஆகவே மிகுதி, விரைவு இரண்டும் சொல்லில் வர வேண்டும். ‘கடு’ இரண்டையும் சுமக்கும்: கடுங்குளிரில் மிகுதி, கடுமான் என்றால் விரைந்தோடும் குதிரை. விண்மீன்களுக்கு எழுதும் ‘மாறொளி’யோடு சேர்த்தால் கடுமாறொளி. இதே போன்ற பிஎல் லாசெர்ட்டேயைக்கூட 1929-இல் ஹோஃப்மைஸ்டர் மாறொளி விண்மீன் என்றுதான் பதிந்தார். அது ஒரு விண்மீன் திரளின் கரு என்பது பிறகுதான் தெரிந்தது.

---

> கடுமாறொளி

அம்மா, சீறடி என் நினைவுக்கே வரவில்லை. சீறொளியை விட்டுவிடுகிறேன்.

உங்கள் சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “3சி 279-இன் 1937ஆம் ஆண்டுக் கடுமாறொளி ஹார்வர்டின் பழைய ஒளிப்படத் தட்டுகளில் பதிந்திருக்கிறது.” இடறுகிறது. சொல் குறிப்பது பொருளையா, நிகழ்வையா? நிகழ்வுக்குக் கடுமாறொளிர்வு, பொருளுக்குக் கடுமாறொளிக் குவேசார் என்று பிரித்தால்?

தாரை நம்மை நோக்கியிருக்கும் இத்தகைய பொருள்களுக்கான பொதுப்பெயரான ‘பிளேசாரை’ மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். 1978-இல் எட் ஸ்பீகல் பிஎல் லாசெர்ட்டேயையும் குவேசாரையும் ஒட்டிச் செய்த பெயர் அது.

---

ஐயா, ‘ஒளிர்வு’ சரி. அப்படியே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். 1937-இல் நடந்த அந்த ஒற்றை வெடிப்புக்கு மட்டும் ‘ஒளியெழுச்சி’ போதும். கடுமாறொளிர்வு அதன் நெடுநாள் குணத்துக்கு இருக்கட்டும்.