எளிமையாக, பசுமையாக வாழ எதிலிருந்து தொடங்குவது? வாடகை வீடு, நேரமும் குறைவு

மாடிப்படி கேட்டது:

வணக்கம். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். குப்பையும் மின்சாரமும் குறைவாக, வீட்டைக் கொஞ்சம் எளிமையாக நடத்த ஆசை. தேடினால் ‘ஐம்பது வழிகள்’, ‘நூறு வழிகள்’ என்று பட்டியல்கள்தான் வருகின்றன. மூங்கில் பல்துலக்கியும் சோலார் பலகையும் அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன, ஏதோ இரண்டும் ஒரே எடை என்பது போல. கூரை எங்களுடையது இல்லை என்பதால் சோலார் பேச்சுக்கே இடமில்லை.

எதைச் செய்தால் உண்மையிலேயே பலன் இருக்கும்? தினமும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியது என்றால் எங்கள் வீட்டில் சீக்கிரம் நின்றுவிடும். அப்புறம், கருத்தரங்குகளில் இலவசமாகக் கொடுத்த துணிப்பைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. இதெல்லாம் பசுமைக் கணக்கில் சேருமா? காய்கறித் தோலை உரமாக்கலாம் என்றால் பால்கனி மட்டும்தான் இருக்கிறது, நாற்றம் வந்தால் பக்கத்து வீட்டோடு சண்டை. “நாம் ஒருத்தர் மாறினால் உலகம் மாறிடுமா?” என்று கணவர் கேட்கிறார். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

ஸ்பேனர்:

சகோதரி, நான் பிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவன். பல்துலக்கியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மெஷின்களைப் பற்றிச் சொல்கிறேன். நினைவு வைத்துச் செய்கிற விஷயம் நிற்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் பழக்கத்தை விட்டுவிட்டு செட்டிங்கை மாற்றுங்கள். ஒரு தடவை மாற்றினால் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

முதலில் வாஷிங் மெஷின். சுடுதண்ணீரில் துவைத்தால் கரண்டின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. உள்ளே இருக்கும் ஹீட்டர் 2,000 வாட் அளவில் இழுக்கும், டிரம்மைச் சுற்றும் மோட்டார் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அன்றாடத் துணிக்குக் குளிர்ந்த தண்ணீரே போதும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அந்தப் படுக்கை விரிப்புக்குச் சூடு வையுங்கள். எப்போதாவது ஒருமுறை வெறும் டிரம்மைச் சூட்டில் ஓட விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே பூசணம் பிடித்து வாடை வரும்.

அடுத்தது பிரிட்ஜ். இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடுவது அதுதான். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் பிடிக்கவில்லை, குளிர் கசிகிறது என்று அர்த்தம். உள்ளே 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசரில் மைனஸ் 18 போதும். அதற்குக் கீழே கொண்டுபோவது வீண். பின்பக்கம் கம்பிச் சுருள் தெரிகிற மாடல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் தட்டுங்கள்.

நான் போகிற வீடுகளில் அடிக்கடி பார்ப்பது ஒன்று. புதுசு வாங்கியிருப்பார்கள், பழசைக் கொடுக்க மனசு வராமல் ஹாலில் தண்ணீர் பாட்டிலுக்கென்று ஓட விட்டிருப்பார்கள். புதுசு எத்தனை நட்சத்திரமாக இருந்து என்ன பிரயோஜனம், இப்போது ஓடுவது இரண்டு. பழசைக் கொடுக்கும்போதும் கவனம் வேண்டும். உள்ளே குளிரூட்ட ஓடும் வாயு R-134a என்று ஸ்டிக்கரில் இருந்தால், அந்த வாயு ஒரு கிலோ வெளியேறுவது 1,300 கிலோவுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதற்குச் சமம். வீட்டு பிரிட்ஜில் நூறு கிராம் சொச்சம்தான் இருக்கும், ஆனாலும் குழாயை வெட்டிக் காற்றில் விடுகிற ஆளிடம் கொடுக்காதீர்கள். வாயுவை உறிஞ்சி எடுக்கும் கருவி வைத்திருக்கிறவரா என்று கேளுங்கள். இப்போது வருகிற பலவற்றில் R-600a, அதாவது ஐசோபியூட்டேன். அது பூமியைச் சூடாக்குவது மிகக் குறைவு.

சார்ஜரைப் பிடுங்கி வைக்கச் சொல்லும் அறிவுரையை நான் பெரிதாக எடுப்பதில்லை. இடைவிடாமல் 1 வாட் இழுத்தால்கூட ஆண்டுக்கு 9 யூனிட் ஆகாது, சும்மா செருகியிருக்கும் நல்ல சார்ஜர் அதையும் இழுப்பதில்லை. டிவியோடு இருக்கும் செட்டாப் பாக்ஸ் வேறு கதை. பல மாடல்கள் தூங்கும்போதும் 10 வாட் பக்கம் இழுக்கும், ஆண்டுக்கு 87 யூனிட் வரும். அதற்கு ஒரு சுவிட்ச் வைத்த பலகை போடுங்கள்.

ஓரக்கணக்கு:

துணிப்பை விஷயம் நான் சொல்கிறேன். டென்மார்க் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டால், பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டால்கூட ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும். எல்லா வகைப் பாதிப்புகளையும் பார்த்து அதில் மோசமானதை எடுத்தால் 7,100 முறை. பருத்தியை உற்பத்தி செய்வதிலேயே அவ்வளவு பாதிப்பு இருக்கிறது. அந்த ஆய்வு தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பிளாஸ்டிக்கைக் கணக்கில் எடுக்கவில்லை, அதனால் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க அதை யாரும் பயன்படுத்த வேண்டாம். உங்கள் தட்டில் இருப்பவை ஏற்கெனவே தயாரானவை, கிழியும்வரை பயன்படுத்துங்கள். அடுத்த கருத்தரங்கில் நீட்டும்போது “வேண்டாம்” என்று சொல்லுங்கள். அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கிறது.

பையைவிட, பைக்குள் வந்து கெட்டுப்போகிற உணவைப் பாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கடையில் இல்லை, உணவகத்தில் இல்லை, நம்மைப் போன்றவர்கள் வீட்டில்.

மண்புழு:

உரவாளி நாறுவதற்குப் பெரும்பாலும் காரணம், ஈரம் மிஞ்சிக் காற்று குறைவது. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போகவில்லை. மூக்கை எரிக்கும் அமோனியா வாடை என்றால் நைட்ரஜன் அதிகம், காய்ந்த பொருள் போதவில்லை. காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டி, முட்டை அட்டை எல்லாம் கார்பன். கார்பனும் நைட்ரஜனும் 25 முதல் 30க்கு 1 என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்களுக்குச் சௌகரியம். தராசெல்லாம் வேண்டாம். ஒரு கை ஈரக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்தது, அவ்வளவுதான். வாளியில் பக்கவாட்டிலும் அடியிலும் துளை போடுங்கள், மேலே எப்போதும் காய்ந்த இலை மூடியிருக்கட்டும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. சமைத்த உணவையும் எண்ணெயையும் முதலில் தவிர்த்துவிடுங்கள். பழுப்பாக, தட்டையாகப் புழுக்கள் வந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கருப்பு ராணுவ ஈயின் புழுக்கள்தான், அவை கழிவைத் தின்று தீர்க்கும். ஆனால் பக்கத்து வீட்டார் கண்ணில் படாமல் வையுங்கள் :)

எதிர்க்கரை:

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. 1988 முதல் வெளியான தொழில்சார் பசுமைக்குடில் வாயுக்களில், அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்களில், 71 சதவீதம் நூறு எரிபொருள் உற்பத்தியாளர்களோடு தொடர்புடையது என்று 2017இல் வந்த அறிக்கை சொன்னது. தனிமனிதர் தன் கார்பன் தடத்தை, அதாவது தன்னால் எவ்வளவு பசுமைக்குடில் வாயு வெளியாகிறது என்பதைக் கணக்கிடும் கருவியை 2004இல் பிரபலப்படுத்தியதே பிபி என்ற எண்ணெய் நிறுவனம். பழியை நம் தலையில் இறக்கிவைக்கும் வேலை இல்லையா இது?

ஓரக்கணக்கு:

அந்த 71 சதவீதத்தின் பெரும்பகுதி, அவர்கள் விற்ற எரிபொருளை வாங்கியவர்கள் எரித்தபோது வெளியானது. அறிக்கையே அப்படித்தான் கணக்கிட்டது. வண்டியிலும் மின்நிலையத்திலும் எரிந்ததுதான் அது. அதனால் நிறுவனங்களை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குழாயின் இரண்டு முனைகள். மாடிப்படி, கணவரிடம் வாதாடாமல் வாஷிங் மெஷின் செட்டிங்கை மட்டும் மாற்றிவிடுங்கள், அவருக்குத் தெரியக்கூடப் போவதில்லை.

மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பேனர் அண்ணா, காகிதம் வைத்துப் பார்த்தேன். மேலே பிடிக்கிறது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. பிரிட்ஜ் வீட்டு உரிமையாளருடையது, அவரிடம் சொன்னால் இழுத்தடிப்பார். நானே ஏதாவது செய்யலாமா? அப்புறம் பெரியவன் புது போன் கேட்கிறான், பழையதில் பேட்டரி நிற்பதில்லை.

ஸ்பேனர்:

போனுக்குப் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். போனைப் பொறுத்தவரை பாதிப்பின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது, சார்ஜ் போடும் கரண்ட் சொற்பம். பிரிட்ஜுக்கு இது தலைகீழ். ஓடும் கரண்ட்தான் பெரிது, அதனால் ரொம்பப் பழைய பிரிட்ஜை மாற்றுவது சில சமயம் நியாயம்.

ரப்பருக்கு வருவோம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மடிப்புக்குள் துடையுங்கள், பாதி வீடுகளில் பிசுக்குதான் காரணம். அப்படியும் பிடிக்காவிட்டால் அந்த மூலையில் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டி, ரப்பரை மெதுவாக வெளியே இழுத்துவிட்டுக் கதவை மூடி வையுங்கள். முன்கால் திருகைக் கொஞ்சம் உயர்த்தி பிரிட்ஜ் பின்பக்கமாக லேசாகச் சாயும்படி வைத்தால் கதவு தானாக வந்து ஒட்டும். ரப்பர் கிழிந்திருந்தால் இதெல்லாம் உதவாது, அதை மட்டும் தனியாக வாங்கலாம். மாடல் எண் ஸ்டிக்கர் உள்சுவரிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும், அதைப் படமெடுத்து இங்கே போடுங்கள்.